மழை பெய்தால், பெய்திருந்தால்

எண்பதுகளின் பிற்பாதியில் கோவில்பட்டிப் பக்கம் தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு எழுதியவர்களுக்கு ஆங்கிலம் இரண்டு தாள். இலக்கணத்தில் இரண்டு கேள்விகளை மட்டும் விட்டுவிடக் கூடாது என்று டியூஷனுக்கு டியூஷன் சொல்லி வைத்திருந்தார்கள். ஒன்று, கொடுத்த வாக்கியத்தை எஸ், வி, ஓ, சி, ஏ என்று பிரித்துக் காட்டுவது. இன்னொன்று, இரண்டு வாக்கியங்களை ‘இஃப்’ போட்டு ஒன்றாக்குவது. தேறுவதற்கு வேண்டிய 35 மதிப்பெண்ணை இப்படிப்பட்ட கேள்விகளில்தான் பொறுக்கிச் சேர்க்க வேண்டும்.

எஸ் என்றால் எழுவாய், வி வினை, ஓ செயப்படுபொருள், சி நிரப்பு. மிச்சம் கிடப்பதெல்லாம் ஏ. எப்போது, எங்கே, எப்படி, ஏன் என்று கேட்டுப் பார், எது பதிலாக வருகிறதோ அதற்குக் கீழே ஏ என்று எழுதிவிடு என்பதுதான் பாடம். வினையடை என்ற பெரிய சங்கதி முழுவதும் அந்த ஓர் எழுத்துக்குள் அடங்கிப்போனது. நிபந்தனை வாக்கியத்துக்கு மூன்று வாய்பாடுகள் இருந்தன. நடக்கக்கூடியது, நடக்க வாய்ப்புக் குறைந்தது, நடக்காமலே போனது. ‘இஃப்’ பக்கம் நிகழ்காலம் என்றால் மறுபக்கம் ‘வில்’. இறந்தகாலம் என்றால் ‘வுட்’. ‘ஹேட்’ வந்துவிட்டால் ‘வுட் ஹேவ்’. பிள்ளைகள் ராகம் போட்டு ஒப்பித்தார்கள். என்ன சொல்கிறோம் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

பின்னாளில் வங்கி எழுத்தரான ஒருவரும் அப்படி ஒப்பித்தவர்தான். கரிசலில் மானாவாரியாக உளுந்தும் பாசியும் பருத்தியும் போடுகிற வீடு. அப்பா நிலத்தைப் பார்த்துக்கொள்ள, அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தார். பணி ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் தம் வீட்டு மச்சில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார் என்று கேள்விப்பட்டு, அப்பாதான் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். ஊருக்கே அந்த ஆசிரியர் ‘இங்கிலீஷ் சார்’.

ஐப்பசி பிறந்தும் வானம் வெளிறிக் கிடந்த ஒரு நாள். நிபந்தனை வாக்கியம் நடத்தவேண்டிய சார், புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

“ஏலே, மழை பெஞ்சா என்ன செய்வீங்க?”

“வெதைப்போம் சார்.”

“போன வருசம் பெஞ்சிருந்தா?”

“வெதைச்சிருப்போம் சார்.”

“போன வருசம் மழை பெஞ்சிச்சா, பெய்யலையா?”

“பெய்யலை சார்.”

“நான் பெய்யலைன்னு சொல்லவே இல்லையே. பெஞ்சிருந்தான்னுதானே கேட்டேன். ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?”

யாருக்கும் பதில் வரவில்லை. சார் கரும்பலகைக்குத் திரும்பினார். முதலில் தமிழ் வாக்கியங்களை எழுதினார், ஒவ்வொன்றுக்கும் கீழே ஆங்கிலம். ‘பெய்தால் விதைப்போம்’ என்பதன் கீழே, ‘இஃப் இட் ரெய்ன்ஸ், வீ வில் ஸோ’. ‘பெய்திருந்தால் விதைத்திருப்போம்’ என்பதன் கீழே, ‘இஃப் இட் ஹேட் ரெய்ண்ட், வீ வுட் ஹேவ் ஸோன்’. பிறகு சாக்பீஸால் மேலிருந்து கீழே கோடு இழுத்தார். ‘பெய்திருந்தால்’ என்பதன் நடுவில் இருக்கும் ‘இருந்த்’ செய்கிற வேலையை ஆங்கிலத்தில் ‘ஹேட்’ செய்கிறது. ‘விதைத்திருப்போம்’ என்பதில் உள்ள ‘இருப்ப்’ செய்கிற வேலையை ‘வுட் ஹேவ்’ செய்கிறது. மழை பெய்யவில்லை, விதைக்கவும் இல்லை என்ற இரண்டு செய்திகளை ஒரு ‘இல்லை’கூடப் போடாமல் இரண்டு மொழிகளும் சொல்லிவிடுகின்றன. மூன்று வாய்பாடுகளில் எதைக் கண்டு பிள்ளைகள் அதிகம் பயந்தார்களோ, அது தமிழோடு உறுப்புக்கு உறுப்பு பொருந்தி நின்றது.

களத்துமேட்டில் உட்கார்ந்து பெரியவர்கள் பேசுவதெல்லாம் இந்த வாக்கியங்கள்தான் என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கிற மண்ணில் ‘ஆல்’ போடாமல் ஒருவர் பேசவே முடியாது. பெய்தால் விதைக்கலாம். பெய்யாவிட்டால் கடன் கேட்க வேண்டும். நாலு நாள் முந்திப் பெய்திருந்தால் தப்பித்திருக்கலாம். நிபந்தனை வாக்கியத்தைப் பால்குடி மறந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, அதையே புதிய பாடமாக, புரியாத சூத்திரமாகக் கொடுத்திருந்தார்கள். அந்தக் காலத்து வகுப்பறைகளின் மேல் அவருக்கு இன்றும் இருக்கிற வருத்தம் இதுதான்.

இதைவிட அவருக்கு வியப்பாக இருந்தது இரண்டாம் வாய்பாடு. ‘இஃப் இட் ரெய்ண்ட் டுமாரோ, வீ வுட் ஸோ’ என்று சார் எழுதியதும் முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, “நாளைக்குப் பெய்யப்போற மழைக்கு எதுக்கு சார் இறந்தகாலம்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. ‘டுமாரோ’ என்று சொல்லிவிட்டு ‘ரெய்ண்ட்’ என்று எழுதினால் யாருக்குத்தான் குழப்பம் வராது? சார் சிரித்துக்கொண்டே பலகையில் மூன்று சொற்களை எழுதினார்: வந்தேன், வந்தாள், வந்தால்.

“நேத்து வந்தேன். சரி. நேத்து வந்தாள். அதுவும் சரி. ‘நாளைக்கு வந்தால்’னு சொல்றியே, நாளைக்கு வரப்போறவளுக்கு ‘வந்த்’ எதுக்கு?”

தமிழில் நிபந்தனைக்கான ‘ஆல்’ ஒட்டிக்கொள்வது இறந்தகால அடியோடுதான். செய்தால், போனால், படித்தால், கேட்டால் என்று எதை எடுத்தாலும் இப்படித்தான். நாளைய மழைக்கும் ‘பெய்த்’ என்ற இறந்தகால உருவையே எடுத்து ‘ஆல்’ சேர்க்கிறோம். அது காலத்தைக் காட்டவில்லை. இன்னும் நடக்காத ஒன்றை, நடந்துவிட்டதாக மனத்தில் வைத்துப் பேசுவதற்கு உதவுகிறது. ஆங்கிலமும் அதைத்தான் செய்கிறது, கொஞ்சம் கூடுதலாக. நிகழ்கால உருவைப் போட்டால் நடக்கலாம் என்று பொருள். இறந்தகால உருவைப் போட்டால் நடப்பது சந்தேகம், வெறும் கற்பனை என்று பொருள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் 2002-ல் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கண நூலில் ரோட்னி ஹடில்ஸ்டனும் ஜெஃப்ரி புல்லமும் மூன்று வாய்பாடுகளைக் கட்டி அழவில்லை. திறந்த நிபந்தனை, தொலைவான நிபந்தனை என்று இரண்டே வகையாகப் பிரித்தார்கள். காலத்தில் பின்னால் போவதும் உண்மையிலிருந்து தள்ளிப்போவதும் ஆங்கிலத்தில் ஒரே வினை உருவால் காட்டப்படுகின்றன என்பது அதன் சாரம். கோவில்பட்டி மச்சில் சார் சொன்னதும் கிட்டத்தட்ட அதுவே.

ஓர் இடத்தில் மட்டும் தமிழும் ஆங்கிலமும் பிரிந்துபோகின்றன. நடக்கலாம் என்பதற்கும் நடப்பது சந்தேகம் என்பதற்கும் தமிழில் தனித்தனி வினை உரு கிடையாது, இரண்டுக்கும் ‘பெய்தால்’தான். அப்படியானால் சந்தேகத்தை எப்படிக் காட்டுகிறோம்? வினையடையால்தான். ‘ஒருவேளை பெய்தால்’, ‘தப்பித் தவறிப் பெய்தால்’ என்கிறோம். ‘மழை மட்டும் பெய்தால்’ என்று ஒரு சொல்லை நுழைத்துவிட்டால் ஏக்கம் முழுவதும் வந்துவிடுகிறது. ஆங்கிலம் வினையின் உருவில் வைத்திருப்பதைத் தமிழ் பக்கத்தில் நிற்கிற ஒரு சிறு சொல்லில் வைத்திருக்கிறது. வினையடையும் நிபந்தனையும் வேறு வேறு கேள்விகளில் வந்தாலும், இரண்டும் ஒன்றுக்கொன்று துணை என்பதை அவர் இந்த இடத்தில்தான் புரிந்துகொண்டார்.

‘இஃப் ஐ வேர் யூ’ என்பதைப் பற்றியும் சார் சொன்னார். ‘ஐ’ என்றால் ‘வாஸ்’ வரவேண்டும், ஆனால் ‘வேர்’ வருகிறது. பழைய ஆங்கிலத்தில் விருப்பத்துக்கும் கற்பனைக்கும் தனியாக வினை உருக்கள் இருந்தன. பெரும்பாலும் தேய்ந்து மறைந்துவிட்டன, ‘வேர்’ போன்ற சில மட்டும் தங்கிவிட்டன. ‘இஃப்’ பக்கத்தில் ‘வில்’ வரவே கூடாது என்ற விதியும் முழு உண்மை இல்லை. ‘வில்’ என்பது எதிர்காலத்தைக் காட்டாமல் சம்மதத்தைக் காட்டும்போது தாராளமாக வரும். ‘இஃப் யூ வில் சைன் ஹியர்’ என்று பணிவாகக் கேட்கலாம்.

இத்தனையும் தமிழ் வகுப்பில் வேறு பெயரில் நடந்துகொண்டிருந்தது. நன்னூல் வினையெச்சத்துக்குப் பன்னிரண்டு வாய்பாடுகள் சொல்கிறது. செய்து, செய்பு என்று தொடங்கும் அந்தப் பட்டியலில் ‘செயின்’ என்பதுதான் நிபந்தனை. அதற்கு உரையாசிரியர்கள் காட்டிய எடுத்துக்காட்டும் ‘மழை பெய்யின்’ என்பதே. தமிழ் ஐயா அதை நடத்திவிட்டுப் போன அடுத்த மணியில் ஆங்கில ஆசிரியர் வந்து ‘இஃப்’ நடத்துவார். இரண்டும் ஒரே சரக்கு என்று பள்ளிக்கூடத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

வினையடைக்கு வருவோம். மிச்சம் கிடப்பதெல்லாம் ஏ என்று சொல்லித்தந்ததால், வினையடை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. சார் அதை உடைத்தார். ‘ஹீ புட் த புக் ஆன் த டேபிள்’ என்று எழுதி, கடைசிப் பகுதியைத் துடைத்துவிட்டு, “இப்ப வாசி” என்றார். ‘ஹீ புட் த புக்’. வாக்கியம் நொண்டியது. ‘அவன் புத்தகத்தை வைத்தான்’ என்று தமிழில் முடித்துவிடலாம், ஆங்கிலத்தில் முடியாது. ‘புட்’ என்ற வினை எங்கே என்ற பதிலை வாங்காமல் விடாது. ராண்டால்ஃப் குவர்க் முதலிய நால்வர் 1985-ல் வெளியிட்ட ஆங்கில இலக்கணப் பெருநூல் வாக்கிய அமைப்புகளை ஏழாகப் பிரிக்கிறது. அவற்றில் இரண்டில் இந்த ஏ கட்டாய உறுப்பு. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எழுதிக் குவித்த எஸ், வி, ஓ, ஏ எல்லாம் அந்த மரபில் வந்தவை என்று அவர் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டார்.

வினையடை எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு சார் காட்டிய வழியை அவர் இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார். ‘நேற்று மேடையில் அழகாகப் பாடினாள்’ என்று எழுதிக்கொள்ள வேண்டும். கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாசிக்க வேண்டும். பாடினாள், அழகாக, மேடையில், நேற்று. அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் ‘ஷீ சேங் பியூட்டிஃபுல்லி ஆன் த ஸ்டேஜ் யெஸ்டர்டே’. தமிழ் காலம், இடம், விதம் என்று வந்து வினையில் முடிகிறது. ஆங்கிலம் வினையில் தொடங்கி விதம், இடம், காலம் என்று போகிறது. எல்லா வாக்கியத்துக்கும் இது பொருந்தாது. அழுத்தத்துக்காகக் காலத்தை முன்னால் கொண்டுவரலாம். ‘ஆல்வேஸ்’, ‘ஆஃபன்’ போன்றவை முதன்மை வினைக்கு முன்னால், ‘இஸ்’, ‘ஆர்’ போன்றவற்றுக்குப் பின்னால் நிற்கும். ஆனால் தமிழ்ப் பிள்ளை ஒன்றுக்குத் தொடக்கப் பிடிமானமாக இதைவிட நல்லது அவருக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை.

விகுதியை நம்பக் கூடாது என்பதும் சார் பாடம். தமிழில் ‘ஆக’ சேர்த்தால் வினையடை ஆகிவிடும். வேகம், வேகமாக. ஆங்கிலத்தில் ‘லி’ சேர்த்தால் போதும் என்று நினைத்து ‘ஹீ வொர்க்ஸ் ஹார்ட்லி’ என்று எழுதிவிடுவார்கள். கடுமையாக உழைக்கிறான் என்று சொல்ல நினைத்து, உழைப்பதே இல்லை என்கிற அளவுக்குப் பொருள் போய்விடும். உழைப்பாளி ஒருவரைப் பற்றி இப்படி ஒரு சான்றிதழில் எழுதினால் அவர் பிழைப்பே கெடும். ‘ஹார்ட்’ என்பதே வினையடையாகவும் நிற்கும். ‘லேட்’ வந்தால் தாமதம், ‘லேட்லி’ வந்தால் அண்மைக்காலம். ‘ஃப்ரெண்ட்லி’ பார்க்க வினையடை மாதிரி இருக்கும், ஆனால் பெயரடை. இரட்டைக்கிளவிக்கு ஆங்கிலத்தில் என்ன செய்வது என்று பிள்ளைகள் கேட்டார்கள். பெரும்பாலும் ஆங்கிலம் விதத்தை வினைக்குள்ளேயே வைத்துவிடும் என்றார் சார். கிசுகிசுவெனப் பேசினால் ‘விஸ்பர்’, நொண்டி நடந்தால் ‘லிம்ப்’. தனியாக ஒரு அடை வேண்டாம்.

தொண்ணூறுகளில் அவர் ஒரு வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தார். இலக்கணம் பணத்தோடு சம்பந்தப்பட்டது என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தார். காசோலையில் தொகையை எழுத்தால் எழுதிவிட்டுக் கடைசியில் ‘ஒன்லி’ என்று போடுகிறோம், தமிழில் ‘மட்டும்’. அந்த வினையடை அழகுக்கு இல்லை. அதற்குப் பின்னால் இன்னொரு சொல்லை ஒட்டித் தொகையைப் பெருக்க முடியாதபடி வாக்கியத்தை அது மூடிவிடுகிறது. வேறு வாக்கியங்களில் ஆங்கில ‘ஒன்லி’ தான் கட்டுப்படுத்தும் சொல்லுக்கு முன்னால் நின்றால் பொருள் தெளிவாக இருக்கும். ‘ஒன்லி த மேனேஜர் சைன்ட் த லெட்டர்’ என்றால் மேலாளரைத் தவிர வேறு யாரும் கையெழுத்துப் போடவில்லை. ‘த மேனேஜர் சைன்ட் ஒன்லி த லெட்டர்’ என்றால் கடிதத்தைத் தவிர வேறு எதிலும் அவர் கையெழுத்துப் போடவில்லை. ஒரு சொல் இடம் மாறியதும் பொறுப்பு இன்னொருவர் தலைக்குப் போகிறது.

பருத்தி வியாபாரி ஒருவர் கொடுத்த காசோலையில், தொகைக்குக் கீழே ‘சரக்கு வந்து சேர்ந்தால் கொடுக்கவும்’ என்று எழுதியிருந்தது. வங்கி எழுத்தரான அவர் அதைப் பணம் கொடுக்காமல் திருப்ப வேண்டியதாயிற்று. வியாபாரி கோபமாக வந்து நின்றார்.

“எம் பணம், எஞ் செக்கு. நான் எழுதக் கூடாதா?”

“அண்ணாச்சி, ‘சரக்கு வந்தா’ன்னு எழுதிட்டீங்கன்னா இது செக்கே இல்லை. சரக்கு வந்துச்சா வரலையான்னு பாங்க் போயிப் பாக்க முடியாதுல்லா.”

1881-ம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. கடனுறுதிச் சீட்டு நிபந்தனையற்ற உறுதிமொழியாக இருக்க வேண்டும். காசோலையும் நிபந்தனையற்ற கட்டளையாக இருக்க வேண்டும். திருமணமாகி ஏழு நாளில் தருகிறேன் என்று எழுதினால் அது கடனுறுதிச் சீட்டு ஆகாது என்று சட்டமே எடுத்துக்காட்டோடு விளக்குகிறது. கல்யாணம் நடக்காமலும் போகலாம் அல்லவா? ‘இஃப்’ என்ற ஈரெழுத்துச் சொல்லும் அதன் வேலையைச் செய்கிற எந்தத் தொடரும் ஒரு காகிதத்தின் மதிப்பையே மாற்றிவிடுகின்றன.

வங்கித் தேர்வுக்குப் படித்தபோது 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் கைக்கு வந்தது. 31 முதல் 36 வரையிலான பிரிவுகளை அவர் இலக்கணப் பாடமாகவே வாசித்தார். வீடு தீப்பற்றி எரிந்தால் 10,000 ரூபாய் தருகிறேன் என்று ஒருவர் ஒப்புக்கொள்கிறார். இது நிகழ்வைச் சார்ந்த ஒப்பந்தம், செல்லும். இரண்டு நேர்கோடுகள் சேர்ந்து ஓர் இடத்தை அடைத்துக்காட்டினால் 1,000 ரூபாய் தருகிறேன் என்கிறார் இன்னொருவர். நடக்கவே முடியாத நிபந்தனை, ஒப்பந்தம் செல்லாது. சார் கரும்பலகையில் நிபந்தனைகளைப் பிரித்துக் காட்டியதைப் போலவே, நடக்கக்கூடியது, நடக்க முடியாதது என்ற பாகுபாட்டை வைத்துச் சட்டம் பணம் கொடு, கொடுக்காதே என்று தீர்ப்புச் சொல்கிறது.

வினையடைக்கும் சட்டத்தில் அப்படி ஓர் இடம் உண்டு. மோசடி பற்றிய பயிற்சி வகுப்பில் இந்திய தண்டனைச் சட்டத்தின் வரையறைகளைப் படித்தார்கள். மெக்காலே தலைமையிலான குழு வரைவு எழுதி, 1860-ல் நிறைவேறிய அந்தச் சட்டம் ‘டிஸ்ஆனஸ்ட்லி’, ‘ஃப்ராடுலண்ட்லி’, ‘வாலண்டரிலி’ ஆகிய வினையடைகளுக்குத் தனித்தனிப் பிரிவு ஒதுக்கியது. பொருளை எடுத்தால் மட்டும் திருட்டு ஆகிவிடாது. நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்திருக்க வேண்டும். செயல் ஒன்றே; அது குற்றமா இல்லையா என்பதை எப்படி என்ற கேள்விக்கான பதில் முடிவுசெய்கிறது. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்த வரையறைகள் இடம்பெற்றிருக்கின்றன. மிச்சம் கிடப்பதெல்லாம் ஏ என்று ஒதுக்கிய அதே வினையடைதான் இங்கே ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று பார்க்கிறது.

2009 ஜனவரி 20 அன்று பராக் ஒபாமா பதவியேற்றதை அவர் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார். அமெரிக்க அரசமைப்பு குடியரசுத் தலைவரின் உறுதிமொழியைச் சொல்லுக்குச் சொல் வகுத்து வைத்திருக்கிறது. அதில் ‘ஃபெய்த்ஃபுல்லி’ என்ற வினையடை ‘வில்’ என்பதற்கும் ‘எக்ஸிக்யூட்’ என்பதற்கும் நடுவில் நிற்கிறது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் சொல்லிக் கொடுக்கும்போது அந்தச் சொல்லை வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளிவிட்டார். ஒபாமா பாதியில் நின்றார். ராபர்ட்ஸ் சரிசெய்ய முயன்றார். கடைசியில் ஒபாமாவும் அந்த வினையடையைக் கடைசியிலேயே சொல்லி முடித்தார். பொருள் மாறவில்லை. ஆனாலும் ஒரு சந்தேகமும் மிஞ்சக் கூடாது என்று மறுநாள் வெள்ளை மாளிகையில் அதே நீதிபதி முன்னிலையில் உறுதிமொழி மறுபடி எடுக்கப்பட்டது. துணைவினைக்கும் முதன்மை வினைக்கும் நடுவில் அடையை நுழைக்கக் கூடாது என்று நினைக்கிற பழைய பழக்கம் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர் அப்போது எழுதினார். அப்படி ஒரு விதி ஆங்கிலத்தில் கிடையாது. நல்ல எழுத்தாளர்கள் அந்த இடத்தில்தான் அடையை வைக்கிறார்கள்.

கிளையில் கூட வேலை பார்த்தவர்கள் பேசிய ஆங்கிலத்தையும் அவர் கவனித்து வந்தார். ‘யெஸ்டர்டே ஒன்லி ஐ கேம்’ என்பார்கள். ‘நேற்றுதான் வந்தேன்’ என்பதில் உள்ள ‘தான்’ அங்கே ‘ஒன்லி’ ஆகியிருக்கிறது. தமிழில் ‘தான்’ சொல்லுக்குப் பின்னால் ஒட்டும், அதனால் ‘ஒன்லி’யும் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் ‘ஐ கேம் ஒன்லி யெஸ்டர்டே’ என்று முன்னால் நிற்க வேண்டும். ‘யூ ஆர் ஃப்ரீ மீன்ஸ், கம்’ என்பது இன்னொன்று. ‘நீங்க ஃப்ரீன்னா வாங்க’ என்பதில் உள்ள ‘ன்னா’, அதாவது ‘என்றால்’, தமிழில் பொருள் விளக்கவும் வரும், நிபந்தனைக்கும் வரும். பேசுகிறவர் முதல் வேலைக்கான ஆங்கிலச் சொல்லை எடுத்து இரண்டாவது வேலைக்குக் கொடுத்துவிடுகிறார். ‘இஃப் யூ ஆர் ஃப்ரீ’ என்று சொன்னால் முடிந்தது. ‘அன்லெஸ்’ வந்தால் கூடவே ஒரு ‘நாட்’ போடுவதும் இப்படித்தான். ‘வராவிட்டால்’ என்பதில் எதிர்மறை கண்ணுக்குத் தெரிகிறது, ‘அன்லெஸ்’ அதை உள்ளுக்குள் வைத்திருக்கிறது.

இந்தப் பிழைகளைக் கேலி செய்வதை அவர் ஒருபோதும் பொறுத்துக்கொண்டதில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் சரியான ஒரு தமிழ் வாக்கியம் இருக்கிறது. அந்தத் தமிழ் வாக்கியத்தைப் பேசியவரிடமே கேட்டு வாங்கி, அதன் பக்கத்தில் ஆங்கிலத்தை வைத்துக் காட்டினால் பிழை அங்கேயே தீர்ந்துவிடும். தான் சொல்லிக் கொடுத்த இளம் எழுத்தர்களிடம் அவர் அதைத்தான் செய்தார். வாய்பாட்டை ஒப்பிக்கச் சொல்லவில்லை. ‘நடக்குமா, நடக்காதா, நடக்காமப் போச்சா? நீ என்ன நினைக்கிறே?’ என்று கேட்டார். பதிலைச் சொன்னதும் வினை உரு தானாக வந்தது.

இப்போது தெருப் பிள்ளைகள் சிலர் அவரிடம் பாடம் கேட்க வருகிறார்கள். ஆங்கில வழியில் படிக்கிறவர்களும் உண்டு. அவர்கள் கையிலும் அதே மூன்று வாய்பாடு, அதே மிச்சம் கிடக்கிற ஏ. கைப்பேசியில் ஆங்கிலம் கற்றுத் தரும் செயலிகளைக் காட்டுகிறார்கள். கோடிட்ட இடத்தை நிரப்பினால் பச்சை, தவறினால் சிவப்பு. ‘வுட் ஹேவ்’ என்று சரியாக நிரப்பிவிட்ட பிள்ளையிடம், “அப்படின்னா அது நடந்துச்சா, நடக்கலையா?” என்று கேட்டால் திகைத்து நிற்கிறது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்துகிற ஆசிரியர்களிடம் அவர் கேட்பது ஒன்றுதான். நிபந்தனை வாக்கியம் தொடங்குகிற அன்று முதல் பீரியடைத் தமிழுக்குக் கொடுங்கள். பிள்ளைகளின் வீட்டில் நடக்கிற பேச்சிலிருந்து ‘ஆல்’ வருகிற வாக்கியங்களை அவர்களையே சொல்லச் சொல்லுங்கள், அவற்றைப் பலகையில் எழுதி அதற்குக் கீழே ஆங்கிலத்தை எழுதுங்கள். தமிழாசிரியர் வினையெச்சம் நடத்துகிற வாரம் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, முடிந்தால் அதே வாரத்தில் நீங்களும் ‘இஃப்’ நடத்துங்கள்.